சம்வாஹகனின் கைகள்: உடம்பு பிடித்துவிடும் தொழிலும் அதன் பெயரும்

சூத்ரகரின் மிருச்சகடிகத்தை நம்மில் பலர் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியாரின் 'மண்ணியல் சிறுதேர்' வழியாக அறிந்திருப்போம். அந்நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் ஒருவன் சூதாட்டக் களத்திலிருந்து தப்பி ஓடிவருகிறான். பத்துப் பொற்காசு தோற்றிருக்கிறான். கொடுக்கப் பணம் இல்லை. சிலையற்ற பாழ்ங்கோயில் ஒன்றில் புகுந்து தானே சிலைபோல நின்று பார்க்கிறான். அங்கும் துரத்தி வந்து பிடித்துவிடுகிறார்கள். அடிபட்டு, மீண்டும் தப்பி, வசந்தசேனையின் வீட்டுக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்கிறான். நாடகம் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. தொழிலே பெயர்: சம்வாஹகன், அதாவது உடம்பு பிடித்துவிடுபவன்.

சாருதத்தன், வசந்தசேனை காதலைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதிக் குவித்திருப்பதோடு ஒப்பிட்டால் இவனைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். ஆனால் இந்தியாவில் இத்தொழிலின் வரலாற்றை எழுத முற்படுவோர் இவனிடமிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் எண்ணம். தன் பிறப்பையும் பிழைப்பையும் அவனே சொல்கிறான். பாடலிபுத்திரத்தில் ஓர் இல்லறத்தானின் மகனாகப் பிறந்தவன். ஊர்சுற்றிகள் சொன்ன கதைகளைக் கேட்டு உஜ்ஜயினியைக் காண வந்தவன். அங்கே சாருதத்தனிடம் பணிக்கு அமர்ந்தவன். சாருதத்தன் வறியவனானதும் வேலை போயிற்று; சூது பிழைப்பாயிற்று. அவன் கற்றிருப்பது நுட்பமான கலை என்று வசந்தசேனை பாராட்டுகிறாள். கலையாகக் கற்றது வயிற்றுப்பாடாக இறங்கிவிட்ட வருத்தம் அவன் மறுமொழியில் தெரிகிறது. அவள் கடனைத் தீர்த்த பிறகு, கைம்மாறாக அக்கலையை அவளுடைய பணிப்பெண்களுக்குக் கற்பிக்க முன்வருகிறான். யாருக்காகக் கற்றாரோ அவருக்கே அது பயன்படட்டும் என்ற பாங்கில் அவள் நயமாக மறுத்துவிடுகிறாள். அது மறுப்புதான் என்பதும் அவனுக்குப் புரிகிறது.

கலை, பிழைப்பு என்னும் இவ்விரு தட்டுகளிலும் இத்தொழிலைப் பழைய நூல்கள் மாறி மாறி வைத்திருக்கின்றன. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் அறுபத்து நான்கு கலைகளை அடுக்கும்போது உடலைத் தேய்த்தலையும் பிடித்துவிடுதலையும் ஒரு கலையாகவே எண்ணுகிறார். நகரத்து நாகரிகர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று. இதற்கு முற்றிலும் வேறான வெளிச்சத்தில் கௌடிலியர் அவனைப் பார்க்கிறார். அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணம், பன்னிரண்டாம் அத்தியாயம், ஒற்றர்களைப் பற்றியது. நஞ்சூட்டும் ஒற்றர் எந்தெந்த வேடங்களில் அரண்மனைக்குள் நுழையலாம் என்று அவர் ஒரு பட்டியல் தருகிறார்: சமையற்காரன், நீராட்டுபவன், உடம்பு பிடித்துவிடுபவன், படுக்கை விரிப்பவன், நாவிதன், ஒப்பனை செய்பவன், தண்ணீர் கொண்டுவருபவன். அதே அதிகரணத்தில், அரசனின் தற்காப்பைப் பேசும் இருபத்தோராம் அத்தியாயத்தில், நீராட்டலையும் உடம்பு பிடித்துவிடுதலையும் நேர்மை சோதித்தறியப்பட்ட அடிமைப் பெண்களே செய்ய வேண்டும் என்கிறார். எதிரி அரண்மனைக்குள் எவனை அனுப்புவோமோ, அவனையே நம் அரண்மனையில் ஐயுற வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

இப்போது சரக சம்ஹிதையைத் திறப்போம். சூத்திரஸ்தானத்தின் பதினைந்தாம் அத்தியாயம், செல்வர்க்கும் அரசர்க்கும் வாந்தி, பேதி முதலிய சோதன சிகிச்சைகளைத் தொடங்குமுன் ஆயத்தம் செய்ய வேண்டியவற்றை விவரிக்கிறது. காற்றோட்டமான கட்டடம், பாத்திரங்கள், மருந்துகள் ஆகியவற்றோடு பணியாளர் பட்டியலும் வருகிறது: பருப்பும் சோறும் சமைப்பவன், நீராட்டுபவன், உடம்பு பிடித்துவிடுபவன், நோயாளியைத் தூக்கி எழுப்புபவன், படுக்க வைப்பவன், மருந்து அரைப்பவன். சமையற்காரன், ஸ்நாபகன், சம்வாஹகன் என்று கௌடிலியரின் நஞ்சூட்டிகளின் பட்டியலில் வரும் அதே கூட்டம், கிட்டத்தட்ட அதே வரிசையில், சரகரின் மருத்துவ இல்லத்தில் அன்பும் தூய்மையும் உடைய பணியாளராக நிற்கிறது.

இத்தொழிலுக்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் நேர்ந்த அனைத்தும் இந்த இரு பட்டியல்களில் கருவாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சம்வாஹகனின் திறமையை இரு நூல்களும் ஆராயவில்லை. அவை காண்பது அவனது அண்மையை. ஆடை களைந்த, அசையாது கிடக்கும், கண் மூடிய ஓர் உடலுக்கு அருகே அவன் நிற்கிறான். அந்த அண்மை தேவை. ஆகவே அவன் வேண்டும். அந்த அண்மை அச்சம் தருவது. ஆகவே அவனைக் கண்காணிக்க வேண்டும். நீவும் முறைகளைச் சுசுருதம் விரிவாகப் பேசுகிறது; அவ்வறிவு வைத்தியனுடையதாகப் பதிவாகிறது. செய்யும் கைக்குரியவன் பரிசாரகன் என்னும் பொதுச்சொல்லுக்குள் போய்விடுகிறான்.

மிருச்சகடிகத்துக்கே ஒருமுறை திரும்ப வேண்டும். அவமானம் தாளாமல் சம்வாஹகன் பௌத்தத் துறவியாகிறான். எட்டாம் அங்கத்தில் சகாரன் வசந்தசேனையின் கழுத்தை நெரித்து, இறந்தாள் என்று எண்ணிச் சருகுகளால் மூடிவிட்டுப் போகிறான். அவ்வழியே வரும் இந்தத் துறவி தன் ஈர ஆடையைப் பிழிந்து நீர் விட்டு அவளை உயிர்ப்பிக்கிறான். ஆனால் கைகொடுத்து எழுப்பவில்லை. அருகிலிருந்த கொடியை வளைத்துத் தருகிறான். அதைப் பற்றிக்கொண்டு அவள் எழுகிறாள். பிறர் உடலைத் தொட்டே வாழ்ந்தவன், ஓர் உயிரைக் காக்கும் கணத்தில் தொடாமல் நிற்கிறான். நாடகம் முடியும்போது அவன் நாட்டிலுள்ள விகாரங்கள் அனைத்துக்கும் தலைவன். தொடுவதை விட்ட பின்னரே அவனுக்கு மதிப்புக் கிடைக்கிறது. சூத்ரகர் இதை எள்ளலாக எழுதினாரா, இயல்பாகவே எழுதினாரா என்பதை மாணவர்கள் விவாதிக்கலாம். எள்ளல் என்பது என் கட்சி.

பணம் கைமாறாத இடத்தில் இதே செயலுக்குக் கிடைத்த மதிப்பையும் பார்க்க வேண்டும். வட இந்திய மல்யுத்தக் களங்களான அகாராக்களில் வீரர்கள் ஒருவரையொருவர் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது பயிற்சியின் பகுதி. வாராணசி அகாராக்களை ஆய்ந்த ஜோசப் ஆல்ட்டர், 1992இல் வெளிவந்த தம் நூலில், வெளியே தொடுகையை ஆளும் சாதி விதிகள் இந்த நீவலின்போது தளர்வதைச் சுட்டுகிறார். சீடன் குருவின் கால்களைப் பிடித்துவிடுவது சேவை. மருமகள் மாமியாரின் கால்களைப் பிடித்துவிடுவது கடமை. அதே கையசைவைக் கூலிக்குச் செய்தால் அது நாயீ சாதியாரின் வேலை. வட இந்தியக் கிராமங்களில் சவரத்தோடு உடம்பு பிடித்துவிடுவதும் நாவிதர் பணியாக இருந்தது. அவர் மனைவி, நாயன் எனப்படுபவர், மணப்பெண்ணுக்கு உப்டன் பூசுவார். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்ப்பார். கூலி பெரும்பாலும் அறுவடைத் தானியமாகவும் சடங்குக்குரிய துணியாகவும் வந்தது.

கிராமத்தில் சாதிக்குள் இருந்த வேலை நகரத்தில் தெருவுக்கு வந்தது. கொல்கத்தாவின் மைதானத்திலும் ஹூக்ளிப் படித்துறைகளிலும், மும்பையின் சௌபாத்திக் கடற்கரையிலும் மாலிஷ்வாலாக்கள் தோன்றினார்கள். மாலிஷ் என்பது தேய்த்தலைக் குறிக்கும் பாரசீகச் சொல். அவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். கையில் கம்பித் தூக்கி. அதில் கடுகெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் நிறைந்த குப்பிகள். நடக்கும்போது குப்பிகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசையே விளம்பரம். தோளில் ஒரு பாய் அல்லது துண்டு. பிறர் வேலை முடித்து வெளியே வரும் நேரத்தில்தான் இவர்களுக்கு வேலை தொடங்கும். அந்தி சாய்ந்து நள்ளிரவு வரை. மழைக்காலத்தில் பிழைப்பு பாதியாகும். நிலையான கூலி கிடையாது. தலைக்கு ஒரு விலை, முழு உடலுக்கு ஒரு விலை, அதிலும் பேரம். பெருவிரல் மூட்டும் மணிக்கட்டும் தேய்வது இத்தொழிலின் நோய். பிறர் வலியைத் தீர்ப்பவரின் கைவலிக்கு எண்ணெய் தேய்க்க ஆளில்லை.

குரு தத்தின் 'பியாசா' 1957இல் வந்தபோது ஜானி வாக்கர் நடித்த சத்தார் என்னும் பாத்திரம் இம்மனிதரை இந்தியா முழுவதும் கொண்டுசேர்த்தது. நல்லவன், விசுவாசி, சிரிக்கவைப்பவன். அப்படத்தில் மாலிஷ்வாலா மீது களங்கம் ஏதும் இல்லை. பிற்காலத்தில் நிலை மாறியது. 1990களுக்குப் பின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள் மும்பையின் மாலிஷ்வாலாக்கள் சிலரையும் ஆபத்துக்குட்பட்ட பிரிவினராகக் கணக்கில் எடுத்தன. அதற்கு மருத்துவக் காரணம் இருந்தது. ஆனால் இரவு நேரம், ஆண் உடல், தனிமை ஆகியவை சேர்ந்து சிலருக்குப் பொருந்திய அடையாளத்தைத் தொழில் முழுவதற்கும் ஒட்டிவிட்டன.

தலையை அழுத்திப் பிடித்துவிடுவதற்கு மாலிஷ்வாலா கூவும் சொல் சம்பி. அழுத்து என்னும் பொருளுடைய அதே இந்தி வினையிலிருந்துதான் ஆங்கிலத்தின் ஷாம்பூ பிறந்தது. 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் உடம்பு பிடித்துவிடுதலையே குறித்தது. முடி கழுவும் பொருள் பின்னர் வந்தது. அச்சொல்லை இங்கிலாந்தில் நிலைநாட்டியவரும் சம்வாஹகனைப் போலவே பாடலிபுத்திரத்துக்காரர் என்பது ஒரு வேடிக்கையான தற்செயல்.

தீன் முகமது 1759இல் பாட்னாவில் பிறந்தார். சிறுவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையோடு சேர்ந்து, சுபேதார் வரை உயர்ந்து, 1784இல் தம் அதிகாரியுடன் அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனார். 1794இல் அங்கே வெளியிட்ட பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. அந்நூலில் அவர் தம்மை மருத்துவர் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு லண்டன். 1810இல் அங்கே ஓர் இந்திய உணவகம் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் திவாலானார். 1814இல் பிரைட்டன் கடற்கரைக்குப் போய், மூலிகை ஆவிக் குளியலும் ஷாம்பூயிங்கும் தரும் குளியலகத்தை நடத்தத் தொடங்கினார்.

நற்பெயரை அவர் கட்டியெழுப்பிய விதம் பாடப்புத்தகத்தில் வைக்கத் தக்கது. குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைக் குளியலகத்தில் காட்சிக்கு வைத்தார். அவர்கள் எழுதித் தந்த நன்றிக் கடிதங்களை அச்சிட்டார். 1822இல் ஷாம்பூயிங் பற்றி ஒரு நூலே எழுதினார். அறுவைமருத்துவரைக் குறிக்கும் சர்ஜன் என்னும் சொல்லைத் தம் தொழிலோடு சேர்த்து 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களிடமும் அப்பட்டத்தில் நியமனம் பெற்றார். கம்பெனிப் படையில் மருத்துவப் பயிற்சி பெற்றதாகச் சொல்வதற்கு வாழ்நாளில் இடம் போதவில்லை. ஆகவே பிறந்த ஆண்டைப் பத்தாண்டு பின்தள்ளி 1749 என்றார். அவர் வரலாற்றை நுணுகி எழுதிய மைக்கேல் ஃபிஷர் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுகிறார். இதை மோசடி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கைத்திறனை மட்டும் சொல்லி மதிப்புப் பெற முடியாத இடத்தில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்?

இன்னொரு விவரம் இவற்றையெல்லாம்விட முக்கியம். ஆவிக் குளியலுக்கு உட்படுபவரைச் சுற்றி ஃபிளானல் என்னும் மென்கம்பளித் துணியாலான கூடாரம் போன்ற அமைப்பு இருந்தது. அதில் கைகள் நுழைய மட்டும் வழி. நீவுபவர் வெளியே நின்றார். அவர் கைகள் மட்டும் உள்ளே சென்றன. பெண்கள் பகுதியை அவர் மனைவி ஜேன் கவனித்துக்கொண்டார். கறுத்த அந்நியனின் கைகளும் ஆங்கிலக் கனவான்களின் உடல்களும் சந்திப்பதில் இருந்த சங்கடத்தை ஒரு துணித்திரை தீர்த்துவைத்தது. கௌடிலியர் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார். தீன் முகமது 1851இல் மறைந்தார். அவருடைய பேரன் ஃபிரெடரிக் அக்பர் முகமது லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவராகி, உயர் இரத்த அழுத்த ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரானார். தாத்தா ஆசைப்பட்ட பட்டம் பேரனுக்கு முறைப்படி கிடைத்தது. பேரன் செய்த தொழில் நீவுதல் அன்று.

அதே இங்கிலாந்தில் 1894இல் மசாஜ் நிலையங்கள் விபசாரத்துக்கு மறைவிடமாக இருப்பதாக பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. பெரும் பரபரப்பு. தங்கள் தொழிலின் பெயரைக் காக்க நான்கு செவிலியர் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்டிர் சங்கத்தை நிறுவினர். மருத்துவரின் வழிகாட்டலின்றிச் செய்வதில்லை, விதிவிலக்கான சூழலன்றி ஆண்களுக்குச் செய்வதில்லை, மருத்துவ இதழ்கள் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்வதில்லை என்று விதிகள் வகுத்தனர். அச்சங்கமே பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபி அமைப்பாக வளர்ந்தது. 1950களில் அத்துறை மும்பை மருத்துவமனை வழியாக இந்தியாவில் வேர்கொண்டது. பட்டம், வெள்ளை மேலங்கி, கருவிகள் ஒரு பக்கம் போயின. எண்ணெய்க் குப்பி மறுபக்கம் நின்றது. தங்களை மாலிஷ்வாலா என்று எவரேனும் அழைத்தால் நம் பிசியோதெரபிஸ்டுகள் கொள்ளும் சினம் அறிந்ததே. அச்சினத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் அது தம் துறையின் பிறப்புச் சான்றிதழைக் கிழிக்கும் சினமும்கூட.

கேரளத்தில் வேறொரு வழி திறந்தது. களரியோடும் ஆயுர்வேதத்தோடும் சேர்ந்து வாழ்ந்த உழிச்சில், 1990களின் சுற்றுலாப் பெருக்கத்தில் உலகச் சரக்கானது. பிழிச்சில் சிகிச்சைக்கு மரத்தோணியின் இருபுறமும் பணியாளர்கள் நின்று, இளஞ்சூடான எண்ணெயில் நனைத்த துணியைப் பிழிந்தபடியே நீவ வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நின்ற வேலை, எண்ணெய் வழுக்கும் தரை, புழுக்கமான அறை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்ற நெறி அங்கே தரச்சான்றின் நிபந்தனை. சரகரின் பட்டியலில் இருந்த இடம் தெரபிஸ்ட் என்னும் புதுப்பெயரோடு திரும்பக் கிடைத்தது. ஆனால் இன்றும் விளம்பரப் பலகையில் பெயர் இருப்பது வைத்தியருக்கு.

பெருநகர ஸ்பாக்களின் கதை வேறு. அங்கே வேலை செய்யும் பெண்களில் கணிசமானோர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அப்பகுதியிலிருந்து விருந்தோம்பல் துறைக்குப் புலம்பெயர்ந்த இளைஞர்களைப் பற்றி டாலி கிகோனும் பெங்க் கார்ல்சனும் எழுதி 2019இல் வெளிவந்த நூலை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். சோதனை நடந்த மறுநாள் நாளிதழில் 'மீட்கப்பட்ட அழகிகள்' என்று வரும் செய்தியில் பயிற்சி பெற்ற தெரபிஸ்டும் இருக்கலாம், பாலியல் தொழிலாளியும் இருக்கலாம், கடத்திவரப்பட்டவரும் இருக்கலாம். மூவருக்கும் வேண்டியது வெவ்வேறு. செய்திக்கோ மூவரும் ஒருவரே. ஊரில் தாய் தந்தையர் படிப்பதும் அந்தச் செய்தியைத்தான்.

2021 ஆகஸ்டில் டெல்லி அரசு ஸ்பாக்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆண் பெண்ணுக்கோ பெண் ஆணுக்கோ மசாஜ் செய்யக்கூடாது. அறைக் கதவுகளில் உட்தாழ்ப்பாள் இருக்கக்கூடாது. வாடிக்கையாளர் அடையாள அட்டை காட்ட வேண்டும். மசாஜ் செய்பவர் பிசியோதெரபி, அக்குபிரஷர் போன்றவற்றில் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். 1894இல் அந்த நான்கு செவிலியர் தாமே வகுத்துக்கொண்ட விதிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே தொழில் செய்தோர் எழுதினர், இங்கே அவர்களுக்காக வேறு யாரோ எழுதினர். எதிர்ப்பால் மசாஜுக்கான தடையை அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஸ்பாக்களுக்குள் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது உடல்சார் தன்னுரிமையில் தலையிடுவதாகும் என்று 2022 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் அதே நீதிமன்றத்தின் வேறொரு நீதிபதி கேமரா பொருத்தச் சொல்லியிருந்தார்.

இவ்வழக்குகளில் பேசப்பட்டவை கதவு, தாழ்ப்பாள், கேமரா, வாடிக்கையாளரின் அந்தரங்கம். ஒரு நாளைக்கு எத்தனை உடல்களை ஒரு கை தாங்கும் என்பது பேசுபொருளாகவில்லை. வரம்பு மீறும் வாடிக்கையாளரை வெளியேற்ற ஊழியருக்கு என்ன அதிகாரம் என்பதும் ஓரத்திலேயே நின்றது.

அதே டெல்லியில் நாள்தோறும் காலை, பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு ஒரு மாலிஷ்வாலி வருகிறார். கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தன் கணுக்கால்களின் மீது குப்புறக் கிடத்தித் தேய்க்கிறார். பிறகு தாயின் இடுப்பையும் கால்களையும் பிடித்துவிடுகிறார். மாமியாரிடமோ அத்தையிடமோ கற்ற வித்தை. உரிமம் கேட்பார் இல்லை, சான்றிதழும் இல்லை. படுக்கையறை வரை செல்கிறார். வீட்டாருக்கு அவர் பெயர் பெரும்பாலும் தெரியாது, மாலிஷ்வாலி என்றே அழைக்கிறார்கள். நாற்பது நாள் முடிந்ததும் பேசிய கூலியும் ஒரு புடவையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.